ஆளில்லா அறையில் ஆள் தேடும் மேக்

தேவிபட்டினத்தில் மேக் மினி வாங்கி வைத்தால் கரண்ட் கட்டுக்கும் உப்புக்காற்றுக்கும் சேர்த்தே சோறு போட வேண்டும். நவபாஷாணம் பக்கத்துத் தெருக்களில் ஜன்னல் கம்பியே துருவேறி உதிர்கிறது. யுஎஸ்பி துளை எம்மாத்திரம்? ஐபோன் செயலி செய்கிறவர்களுக்கோ மேக் இல்லாமல் விமோசனம் இல்லை. எக்ஸ்கோட் வேறெதிலும் ஓடாது. அதனால் சில மாதங்களாக, எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் எம்2 மேக் மினியை வாடகைக்கு எடுத்து, பழைய லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து ஓட்டுகிறேன்.

வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எம்2 எப்படி ஓடும் என்பது ஊரறிந்தது. இணைப்பு அறுந்தாலும் வேலையை விடாத டிமக்ஸில் விட்ட பில்ட், இங்கே கரண்ட் போனாலும் அங்கே அது பாட்டுக்கு ஓடி முடிந்திருக்கும். இந்தச் சுகத்துக்கே வாடகை தகும்.

வம்பு வேறு இடத்தில். தன் எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பை மேக் விடுவதே இல்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல, எதற்கும் ஒரு ஆள் முன்னால் நின்று உபசரிக்க வேண்டும். செயலிக்குக் கையெழுத்துப் போடும் கட்டத்தில் சாவிகளை வைத்திருக்கும் கீசெயின் பூட்டியிருந்தால் அனுமதி கேட்டு ஒரு பெட்டி திரையில் எழும்பும். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து கட்டளை தட்டுகிறவனுக்கு அந்தப் பெட்டி தெரியாது. தலையும் வாலும் இல்லாத ஒரு பிழைச் செய்திதான் கிடைக்கும். கீசெயினைக் கட்டளை மூலம் திறந்துவிட்டு பில்டைத் தொடங்க வேண்டும் என்பதைப் பட்டவர்கள்தான் சொல்லித் தருவார்கள். திரையைப் பார்க்க வேறு கம்பெனியின் ரிமோட் செயலியைப் போட்டாலோ, 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவிலிருந்து மாதாமாதம் ‘இது திரையைப் பார்க்கிறதே, சம்மதமா’ என்று விசாரணை. பார்ப்பதற்காகத்தானப்பா போட்டோம்!

வட்டைக் குறியாக்கிப் பூட்டும் ஃபைல்வால்ட் இன்னும் மோசம். பழைய பதிப்புகளில் அதைப் போட்ட மேக் ரீஸ்டார்ட் ஆனால், பாஸ்வேர்ட் தட்டும்வரை எஸ்எஸ்எச் எழாது. அதற்குப் பயந்தே பலர் ஃபைல்வால்டை அணைத்து வைத்தார்கள். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில்தான் ஆப்பிள் சிப் மேக்குகளை எஸ்எஸ்எச் வழியாகவே திறக்க வழி பிறந்தது. எனக்கு மேக்கை வாடகைக்கு விட்டவர்கள் இன்னும் அந்தப் பதிப்புக்கு வரவில்லை. ‘விரைவில்’ என்று பதில் போடுகிறார்கள். அவர்களுடைய விரைவு தனி ரகம்.

ஆப்பிளுக்கு சர்வர் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2002இல் எக்ஸ்சர்வ் என்று ரேக்கில் அடுக்கும் பெட்டியையே விற்றார்கள். 2011 ஜனவரியோடு நிறுத்தினார்கள். மேக்ஓஎஸ் சர்வர் மென்பொருளுக்கும் 2022 ஏப்ரலில் மங்களம் பாடியாயிற்று. இப்போது டேட்டா சென்டர்களில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் வீட்டு மேஜைக்குச் செய்த பெட்டிகள்.

வாடகைக்கும் ஆப்பிள் வைத்ததுதான் சட்டம். 2020இல் மேக்ஓஎஸ் பிக் சர் உரிமத்தில் வந்த விதிப்படி, தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறைந்து மேக்கை வாடகைக்கு விடக் கூடாது. அமேசானும் இதற்குக் கட்டுப்பட்டதுதான்: பத்து நிமிட பில்டுக்கும் ஒரு நாள் காசு. அதுவும் மென்பொருள் உருவாக்கம், சோதனை போன்ற வேலைகளுக்கே. மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் கடையின் வலைத்தளத்தை ஏற்றலாம் என நினைப்பவர்கள் உரிமத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எப்போதாவது ஒரு செயலி வெளியிடுகிறவர் நாள் வாடகையோடு நிறுத்திக்கொள்ளலாம். தினமும் பில்ட் போடுகிறவர், மதுரையிலோ சென்னையிலோ நல்ல கரண்டும் பொறுமையான மச்சானும் இருந்தால், சொந்த மேக் மினியை அங்கே வைத்துவிடுவது உத்தமம். அனுமதிப் பெட்டி எழும்பும்போது ‘சரி’யை அமுக்க மச்சானுக்கு ஒரு போன் போதும்.