அயலூரில் கண்ட அகம்

தாய்மொழியின் செல்வத்தைத் தாய்மண்ணில் இருந்தே துய்க்க முடியும் என்பது நம்மிற் பலர் ஆராயாது ஏற்றுக்கொண்ட முடிவு. ஏ. கே. இராமானுஜனின் (1929–1993) மொழிபெயர்ப்புப் பணி அம்முடிவுக்கு அடங்குவதாக இல்லை. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலம் அறிந்தோர் பழம்பொருளாக அன்றிக் கவிதையாகவே படிக்கச் செய்தவர் அவர். ஆயினும் அவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் அல்லர். மைசூரில் வாழ்ந்த திருவைணவத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிள்ளை. பட்டத்துக்குக் கற்றதும் ஆங்கில இலக்கியமே.

தம் இளமை வீட்டைப் பற்றி அவர் எழுதியிருப்பது வெளிமாநிலத் தமிழர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. கீழே அடுக்களையில் தமிழ், தெருவில் கன்னடம், மாடியில், கணிதப் பேராசிரியராகிய தந்தையின் அறையில், ஆங்கிலமும் வடமொழியும். பிள்ளைகள் இத்தளங்களுக்கிடையே ஏறியும் இறங்கியும் வளர்ந்தனர். வீட்டிற் பேச்சுத் தமிழ் உண்டு, பழந்தமிழ் இல்லை என்று நம் பிள்ளைகளைக் குறித்து நாம் வருந்தும் நிலைக்கு அது தொலைவன்று.

1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், ஒரு சனிக்கிழமையன்று, குறுந்தொகைப் பதிப்பொன்று அவர் கைக்குக் கிடைத்தது. தமக்குரிய சொத்தைத் தாம் அறியாமலே இருந்துவிட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். இந்நிகழ்ச்சியைப் புதையல் கண்டெடுத்த கதைபோற் பலர் சொல்லி மகிழ்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர் கண்டது உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு. அதற்கு முன்னரே, 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கனார் அந்நூலை அச்சேற்றியிருந்தார். ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, அருஞ்சொல்லுக்குப் பொருள் கண்ட அவ்விருவர் உழைப்பும் இல்லையெனில் சிகாகோவில் கண்டெடுக்க ஒன்றுமிராது.

எனினும் அப்பதிப்பைப் படித்தோர் எத்தனையோ பேர் இருக்க, அவருக்கு மட்டும் அது ஏன் புதுக்கவிதையாக ஒலித்தது? இங்கேதான் அவருடைய மற்ற மொழிகள் துணைக்கு வருகின்றன என்பேன். 1967இல் வெளிவந்த அவரது குறுந்தொகைத் தொகுப்பின் பெயரைத் தமிழிற் சொல்வதாயின் 'உள்ளத்து நிலக்காட்சி' எனலாம். திணை என்பது நிலமும் ஆகும், ஒழுக்கமும் ஆகும் என்ற இலக்கணக் கருத்து முழுவதும் அச்சிறு தொடரில் அடங்கிவிடுகிறது. 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்னும் குறிப்புகளை 'அவள் சொன்னது', 'அவளுடைய தோழி சொன்னது' என எளிய ஆங்கிலத் தலைப்புகளாக்கினார். அகப்பாட்டில் தலைமக்களுக்குப் பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபு இதனாற் குலையாமல் நின்றது. 'கூற்று' என்ற சொல்லை இலக்கணக் கலைச்சொல்லாகக் கேளாமல், ஒரு பெண் வாய்திறந்து பேசுவதாகக் கேட்ட செவி, கன்னட வசனங்களைக் கேட்டுப் பழகிய செவி என்றே நான் கருதுகிறேன். வசனம் என்பதும் சொல்லப்பட்டது என்ற பொருளுடையதன்றோ! அவ்வசனங்களையும் அவர் 1973இல் ஆங்கிலத்தில் தந்தார். நம்மாழ்வார் பாசுரங்கள் 1981இல் வந்தன. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அவர் சொந்தமாகக் கவிதைகள் இயற்றியதையும் மறத்தலாகாது.

போப்பையர் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கியபோது, தம் காலத்து ஆங்கிலச் செய்யுள் நடையைக் கையாண்டார். அவர் பத்தியில் ஐயமில்லை. ஆனால் அந்நடை இன்று தமிழைவிட விரைவாக மூப்படைந்துவிட்டது. இராமானுஜன் அக்குறைக்கு இடந்தரவில்லை.

குறை அவரிடத்தும் உண்டு. அகவலின் ஓசை அவர் மொழிபெயர்ப்பில் அறவே இல்லை. அவர் அதற்கு முயன்றதாகவும் தெரியவில்லை. அதனினும் நுட்பமானது சொற்கிடக்கை. ஐங்குறுநூற்றில், உடன்போக்கிற் சென்று மீண்ட தலைவி ஒருத்தி தோழியிடம் பேசும் கபிலர் பாடல் உள்ளது. தமிழில் முதலில் நம் தோட்டம் வருகிறது; அடுத்துத் தேன் கலந்த பால்; பின்னர் அவன் நாடு, தழை மூடிய கிணறு, விலங்கு உண்டு எஞ்சிய மிச்சம்; எல்லாவற்றிற்கும் இறுதியில்தான் கலங்கல் நீர் வருகிறது. பாலினும் இனியது எது என்று கேட்போர் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் அப்படிக் காத்திருக்க விடாது. நீர் இடையிலேயே வந்துவிடுகிறது. கவிதை விலங்குகளில் முடிகிறது. இதனை இராமானுஜன் அறியாதவர் அல்லர். தமிழ்ப்பாடல் ஒன்றை மொழிபெயர்ப்பது குறித்த கட்டுரையில், இதே பாடலைச் சொற்சொல்லாகப் பிரித்துவைத்து, தமிழ்த் தொடர் ஆங்கிலத்துக்கு எதிர்த்திசையிற் செல்வதை அவரே காட்டியிருக்கிறார். தம் தோல்வியை இவ்வளவு தெளிவாக விளக்கிய மொழிபெயர்ப்பாளர் அரியர்.

அவர் காட்டாது விட்டது வேறொன்று. மலைநாட்டிலிருந்து மீண்டவள் தோழிக்குச் சொன்னது என்ற அளவில் அவர் தந்த தலைப்பு நின்றுவிடுகிறது. பழைய துறைக்குறிப்போ தோழியின் வினாவையும் தருகிறது: அவர் நாட்டு நீர் இனிதன்றே, அதனை நீ எவ்வாறு உண்டாய் என்று தோழி கேட்கிறாள். வினாவை நீக்கினால் பாடல் காதலனின் ஊருக்கு ஒரு புகழுரை. வினாவோடு படித்தால் அது பிறந்த வீட்டாருக்குத் தலைவி சொல்லும் மறுமொழி. நம் போன்றோர் அவ்விடத்தைத் தவறவிட மாட்டோம். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று இறங்கியவுடன் பெரியம்மாவும் அத்தையும் நம்மிடம் முதலிற் கேட்பது அதுவே: "அந்த ஊர்த் தண்ணீர் உங்களுக்கு எப்படித்தான் ஒத்துக்கொள்கிறது?"