சீட்டியடித்த கிழவருக்குப் பேர் இல்லை

சூசன் காலின்ஸின் ‘கேட்சிங் ஃபயர்’ (2009), ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலின் இரண்டாம் பாகம். முதலைவிட இதுதான் உசத்தி என்கிறார்கள் தோழர்கள். பாதி வரைக்கும் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

வெற்றிச் சுற்றுப்பயணம் பதினொன்றாம் மாவட்டத்துக்கு வருகிற பகுதியைப் படியுங்கள். நாட்டுக்கே விளைவித்துப் போடுகிற சனம், முள்வேலிக்கும் காவல் கோபுரத்துக்கும் உள்ளே. களத்தில் செத்த சிறுமி ரூவின் மெட்டை ஒரு கிழவர் சீட்டியடிக்கிறார். தோப்பில் வேலை முடிஞ்சாச்சு என்று அவள் மரத்து மேலிருந்து சொல்லும் மெட்டு அது. கூட்டம் மூன்று விரலை உயர்த்துகிறது. கிழவரைப் படியேற்றி, மண்டியிட வைத்து, தலையில் சுடுகிறார்கள். எழுத்து இங்கே நிக்குது.

அப்புறம்? அந்தச் சாவு கதாநாயகி காட்னிஸ்ஸின் குற்றவுணர்வாகச் சுருங்கிவிடுகிறது. கதை அவளோடு ரயிலேறி, திரும்பவும் விளையாட்டுக் களத்துக்கே போகிறது. பதினொன்றிலிருந்து சீடர், சாஃப் என்று இரண்டு பேர் வருகிறார்கள், சாகிறார்கள்.

ரூவுக்குக் கரும்பழுப்புத் தோல் என்று முதல் பாகத்திலேயே எழுதியிருக்கிறது. 2012இல் படத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததும் வாசகர் சிலருக்குப் பொறுக்கவில்லை. அது அவர்களுடைய இனவெறி, சந்தேகமில்லை. ஆனால் தோலைச் சொன்ன ஆசிரியர், அந்தத் தோலுக்கும் வேலிக்கும் என்ன உறவு என்று இரண்டு புத்தகத்திலும் வாய் திறக்கவில்லையே!

வேலை முடிகிற மெட்டைக் கலகத்துக்கு எடுக்க அந்தச் சனம் எந்த ராத்திரி, யார் வீட்டில் உட்கார்ந்து பேசியது? நான் தேடிய நாவல் அதுதான்.