நான்கு முறை கவிழ்ந்த கப்பல்

பேரழிவுப் படம் என்றால் அலை நிஜம்போல இருக்க வேண்டும். ஆகவே 'பொசைடன்' கதைக்கு 2006இல் வொல்ப்காங் பீற்றர்சன் எடுத்ததே முடிந்த முடிவு என்று நம் இளைய விமர்சகர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இதை ஒப்ப என்னால் முடியவில்லை. இங்கே அலையைப் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

பால் கலிக்கோவின் நாவல் 1969இல் வந்தது. கடலடி நிலநடுக்கம் எழுப்பிய அலையில் சொகுசுக் கப்பல் தலைகீழாகிறது. மிஞ்சியவர்களில் சிலர் கப்பலின் அடித்தளத்தை நோக்கி, அதாவது மேலே, ஏறுகிறார்கள். கலிக்கோ குறித்த நாள் டிசெம்பர் 26. பின்னாளில் இங்கே சுனாமி வந்ததும் அதே நாளில். தற்செயல்தான். ஆனாலும் நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ இருந்து முதற்பக்கத்தைத் திறப்பவர் அந்தத் தேதியில் சற்று நிற்பார். 1972இல் நாவலைப் படமாக்கிய றொனால்ட் நீம் அந்த நாளைப் புத்தாண்டு இரவாக மாற்றினார். பீற்றர்சனும் அதையே பிடித்துக்கொண்டார்.

1979இல் ஏர்வின் அலன் இயக்கிய தொடர்ச்சியைப் பற்றிப் பேசாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. 2005 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது அதைவிட மோசம். சுனாமி நடந்து ஓராண்டு ஆகுமுன்னே அலையை எடுத்துவிட்டுப் பயங்கரவாதிகளின் குண்டை வைத்தார்கள். பீற்றர்சன் அலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கணினி வேலை பிரமாதம். ஆட்கள்தான் இல்லை, படம் முடிந்த கையோடு ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நீமின் படம் எவ்வளவோ மேல். ஷெல்லி வின்ரேர்ஸ் மூச்சடக்கி நீந்தும் அந்த ஒரு காட்சிக்கு பீற்றர்சனின் முழுப்படமும் ஈடாகாது. ஆனால் என் மனத்தாங்கலும் நீமின் படத்தோடுதான். ஜீன் ஹக்மனின் பாதிரியார் காட்டியதே வழி. அவர் பின்னால் போனவர்களில் ஆறுபேர் தப்புகிறார்கள், வேறு வழி போனவர் எவரும் மீள்வதில்லை. தலைவனை நம்பினோர் கைவிடப்படார்! நாவலில் அப்படி இல்லை. வெளியே வந்தவர்கள் காண்பது, கப்பலின் முன்பக்கத்தால் மீட்கப்படும் இன்னொரு பெரிய கூட்டத்தை. பலர் விருந்துக்கு உடுத்த உடையோடேயே நிற்கிறார்கள். இத்தனை பேரைப் பலிகொடுத்து ஏறியது வீணாகவே இருந்திருக்கலாம். படத்தில் உயிரோடு வெளிவரும் சிறுவன் ராபின், நாவலில் நடுவழியில் காணாமற்போகிறான். கடைசிவரை கிடைப்பதில்லை.

திரைக்கு இதைத் தாங்கும் துணிவு வரவில்லை. நம்மவர்களும் விலக்கல்ல: 'தசாவதாரம்' (2008) சுனாமியைக் கிருமிக்கு மருந்தாக்கியது, 'கயல்' (2014) அதைக் காதலர் சேரும் வழியாக்கியது. யார் பிழைத்தார், ஏன் பிழைத்தார் என்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது என்பதைக் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்மாரும் இந்த மாவட்டத்துக்குப் புதியவர்களல்லர்.

கலிக்கோவின் நாவலை அடுத்து எடுக்க வருபவர் ராபினைக் கண்டுபிடித்துத் தரவேண்டாம். அலையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடட்டும், செலவும் மிச்சம்.