புள்ளியும் பொருளும்

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கென அரசுப் பள்ளி உண்டு. அத்தகையோர் விரலால் வாசிக்கும் பாடநூலைத் திறனாய்வு நோக்கில் அணுகுவோர் அரியர்.

1951-இல் இந்திய மொழிகட்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில், ஆறு புள்ளிகளைக் கொண்டே தமிழை எழுதுகிறது. அச்சில் ‘கெ’ எழுதுகையில் கொம்பு முன்னே நிற்கும். பிரெயிலிலோ ககரத்திற்குப் பின்னரே உயிர்க்குறி வரும். ஒலிக்கும் வரிசையையே விரல் பின்தொடர்கிறது. ஆகவே, ‘முதலில் கொம்பு போடு’ என்னும் கற்பித்தல் இங்குப் பயன்படாது.

‘படத்தைப் பார்த்து விடையளி’ என்னும் வினாவும் அத்தகையதே. அதைப் புள்ளிகளாக மாற்றிவிட்டால் மட்டும் பாடமாகிவிடுமா? படம் சொல்விளக்கமாகவோ, தொட்டறியும் புடைப்பு வரைபடமாகவோ வருதல் வேண்டும். தனித்தேவைக்கேற்ற வசதியைக் கல்வி நிலையங்கள் தரவேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

அவ்வினாவின்முன் விரல் தயங்கி நிற்குமாயின், குறை குழந்தையினதன்று, நூலினது.