'நாம்' எனப்படுவோர் யாவர்?: 1939 செப்டம்பர் 3 வானொலி உரை

1939 செப்டம்பர் 3, ஞாயிறு. இலண்டன் நேரம் முற்பகல் 11.15க்குப் பிரிட்டன் பிரதமர் சேம்பர்லின் ஆற்றிய போர் அறிவிப்புரை, வீட்டிலமர்ந்து கேட்போரை முன்னிறுத்தியே அமைந்தது. தாம் பேசும் அறையைச் சுட்டித் தொடங்கும் உரை, தம் மனவேதனையையும் பகிர்ந்து கேட்போரை நெருங்குகிறது. அந்நெருக்கத்தைத் தாங்குவது தன்மைப் பன்மையாகும். ஆங்கிலத்தில் அதற்கு வடிவம் ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என இரண்டு உள்ளன.

சென்னை (1938), திருச்சி (1939) வானொலி நிலையங்கள் அப்போது இயங்கிவந்த தமிழகத்திற்கு, அவ்வுரையின் பன்மை 'நாங்கள்' என்றே பொருள்படும். அன்றே வைசிராய் லின்லித்கோ, இந்தியப் பிரதிநிதிகளைக் கலந்துகொள்ளாமல் இந்தியாவையும் போரில் சேர்த்தார். 'நாங்கள்' ஓர் ஆணையால் 'நாம்' ஆயிற்று. இராஜாஜி அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகளின் பதவி விலகல் அவ்வுளப்பாட்டிற்கான மறுப்பு எனலாம்.

குரங்கணி மலைச்சரிவின் ஏலக்காய்க்குச் சந்தையான போடிநாயக்கனூரில் அப்பன்மைக்கு விலையும் இருந்தது. 1928இல் திறக்கப்பட்ட மதுரை–போடி இருப்புப்பாதை போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களிலேயே மீண்டும் அமைந்தது. எனவே போர்க்கால ஒலிபரப்பை ஆராய்வோர், ஒலித்த சொல்லோடு நின்றுவிடாமல், அது எவரை உளப்படுத்தி எவரிடம் விலை கொண்டது என்பதையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும்.