கீழைத்தேயப் பெண்ணும் கோவில்பட்டிப் படமரபும்

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியர்கள் துருக்கி, வட ஆப்பிரிக்கா, இந்தியா முதலிய நாடுகளின் வாழ்வைத் தம் நாட்டாருக்காகத் தீட்டிய முறை கீழைத்தேயப் பாணி எனப்படும். அதன் தலையாய பொருள் அந்தப்புரப் பெண்ணே ஆயினும், அயல் ஆடவர் நுழைய முடியாத அவ்விடத்தை ஓவியருள் பெரும்பாலோர் கண்டதில்லை. பாரிஸ் ஓவியக்கூடத்தில் கூலிக்கு அமர்ந்த பெண்ணே பட்டும் மணியும் பூண்டு கீழ்த்திசைப் பெண்ணானாள். கிழக்கே சென்றறியாத பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814இல் வரைந்த துருக்கிய அந்தப்புரப் பெண்ணின் முதுகு, மனித உடலுக்குப் பொருந்தாத நீளமுடையதெனத் திறனாய்வாளர்கள் குறை கூறினர்.

அறியாமை ஒன்றே இக்கற்பனைக்குக் காரணமன்று என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1830இல் பாரிஸில் அரங்கேறிய ஓர் இசைநாடகத்தில் இந்திய ஆடல்மகளாக வந்த மரி தாலியோனி ஆடியது ஐரோப்பிய பாலே நடனமே. எட்டாண்டு கழித்து, கடலூரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசியர் இசைக்கலைஞர்களுடன் அந்நகருக்கே சென்று, பல ஆண்டுப் பயிற்சியில் வந்த தம் ஆடலைக் காட்டினர். அவர்களுள் அமணி என்பாரைப் பிரெஞ்சுச் சிற்பி பார் வெண்கலத்தில் வடித்தார். உண்மைப் பெண்ணைக் கண்ணெதிரே கண்ட பின்னும் ஐரோப்பிய அரங்கு பழைய கற்பனையையே விரும்பியது என்பதை, 1877இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய ‘லா பயதேர்’ (ஆடல்மகள்) என்னும் பாலே காட்டுகிறது.

ஓவியத்துக்குத் திரும்பினால், ஐரோப்பியரின் எண்ணெய் வண்ணத்தையும் ஒளிநிழல் முறையையும் ஓவியர் ரவிவர்மா இந்தியப் பெண்ணுருவங்களுக்கு ஆக்கினார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் நிலைபெற்ற சி. கொண்டையராஜு (1898–1976), அம்முறைகளைச் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிக்குக் கொண்டுவந்தார்; டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய மாணவர்களால் அது ஒரு மரபாயிற்று. அந்தப்புரப் படத்துப் பெண் தன்னைப் பார்ப்பவனுக்காகக் கிடக்கிறாள். இம்மரபின் மீனாட்சியோ, லட்சுமியோ நிமிர்ந்து நின்று பார்ப்பவரை நேர்நோக்குகிறாள். வழிபடுவோர் தெய்வத்தின் பார்வையை வேண்டி நிற்பதால் விளைந்த இந்த நேர்நோக்கே கோவில்பட்டி மரபின் பெருமை.

எனினும் ஒரு படத்தில் பெண்ணின் பார்வையோடு அவள் உழைப்பும் இடம்பெற வேண்டும் என்பதை அளவுகோலாகக் கொண்டால், இம்மரபிலும் குறை உண்டு. நாட்காட்டிச் சந்தை தெய்வங்களையே கேட்டமையால், கரிசலில் பருத்தி எடுப்பவளும் தீப்பெட்டி ஒட்டுபவளும் அதில் அரிதாயினர். கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையிலுள்ள இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அப்பெண்களை எழுத்தில் நிறுத்திவிட்டனர். இவ்வட்டாரத்தின் இன்றைய ஓவியர்கள் அதே நேர்நோக்கோடு அவர்களைத் தீட்ட முன்வர வேண்டும்.