பொய் எச்சரிக்கையும் லினக்ஸ் நம்பிக்கையும்: ஒரு பரிசீலனை

இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரெனத் திரை முழுவதும் சிவக்கிறது. அபாயச் சங்கு ஒலிக்கிறது. "உங்கள் கணிப்பொறியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்" என்று ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. லினக்ஸ் பயன்படுத்துவோரில் சிலர் இதைக் கண்டு நடுங்குகின்றனர். வேறு சிலர், "லினக்ஸில் வைரஸ் வராது" என்று கூறிச் சிரிக்கின்றனர். இவ்விரு போக்குகளுமே பரிசீலனைக்கு உரியவை.

முதலில் அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். வைரஸ் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை அவர் எவ்வாறு கண்டறிந்தார் என்று கேட்பது விஞ்ஞான முறை. இணையப் பக்கம் ஒன்று பிரௌசருக்குள் வேலி கட்டிய இடத்தில்தான் இயங்குகிறது. நம் வட்டில் உள்ள கோப்புகளை அது தானாகத் திறந்து பார்க்க முடியாது. நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கோப்பை மட்டுமே படிக்கும். அப்படியானால் ஐந்து வைரஸ்களை அது எங்கே கண்டது? எங்கும் காணவில்லை. அந்த எண்ணிக்கை பக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. "சோதனை நடக்கிறது" என்று நீளும் பட்டையும் கடிகாரக் கணக்கில் நகரும் வெறும் படமே. நாடியைத் தொடாமலே நோயைச் சொல்லி மருந்து விற்கும் வைத்தியரை நாம் நம்புவோமா?

"ஆனால் என் ஊரின் பெயரும், இணையச் சேவை தரும் கம்பெனியின் பெயரும் அதற்குத் தெரிந்திருக்கிறதே?" என்று வாசகர் கேட்கலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நம் ஐ.பி. முகவரி அங்கே செல்கிறது. அதிலிருந்து இவற்றை ஓரளவு ஊகித்துவிடலாம். எந்தப் பிரௌசர், எந்த இயக்க முறைமை என்பதையும் பிரௌசரே தெரிவித்துவிடுகிறது. இவற்றை அறிய ஊடுருவல் ஏதும் தேவையில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லினக்ஸில் "சி டிரைவ்" என்பதே கிடையாது. இருந்தும் பல அறிவிப்புகள் லினக்ஸ் திரையிலும் "சி டிரைவில் வைரஸ்" என்கின்றன.

இது பழைய வியாபாரம். வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்ட்டிவைரஸ் முதலிய பெயர்களில் போலிச் சோதனை காட்டிப் பணம் பறித்த கூட்டத்தின்மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2008-ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2012-இல் நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. 2011-இல் "மேக் டிஃபெண்டர்" என்ற போலி மருந்து, மேக் கணிப்பொறியின் கோப்புச் சாளரத்தைப் போலவே வேடமிட்டு வந்தது. இந்த வியாபாரம் ஓர் இயக்க முறைமையோடு நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும். அதன் குறி, கணிப்பொறியின் முன்னே அமர்ந்திருக்கும் மனிதர்.

இனி இரண்டாவது போக்கு. லினக்ஸில் சாதாரணப் பயனருக்கும் நிர்வாகிக்கும் அதிகாரம் பிரிக்கப்பட்டுள்ளது. இறக்கிய கோப்பு பெரும்பாலும் தானாக இயங்கும் அனுமதியைப் பெறுவதில்லை. விண்டோஸுக்கான நச்சு நிரல் அங்கே நேரடியாக ஓடுவதுமில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து "ஆபத்தே இல்லை" என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்தில் புகுந்தவர்கள், கள்ளக் கதவு வைத்த பதிப்பை அங்கிருந்து இறக்கச் செய்தனர். அதே ஆண்டில் மிராய் என்னும் நிரல், லினக்ஸில் இயங்கும் காமிராக்களையும் ரௌட்டர்களையும், மாற்றப்படாத பாஸ்வேர்டுகளின் வழியே பெருந்தொகையாகப் பிடித்தது. அண்மை ஆண்டுகளில், "கோளாற்றைச் சரிசெய்ய இந்த வரியை டெர்மினலில் ஒட்டுங்கள்" என்று கேட்கும் பக்கங்களும் வந்துவிட்டன. அந்த வரியை ஒட்டி நிர்வாகி பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால், வேலிகள் அனைத்தையும் நாமே திறந்துவிட்டவர்களாகிறோம். தொலைபேசியில் பேசுபவன் கேட்பது வங்கி விவரங்களை என்றால், எந்த இயக்க முறைமை அதைத் தடுக்கும்?

பிரௌசர் செய்தவர்களும் குற்றத்தில் பங்குடையவர்களே. "அறிவிப்புகளை அனுமதிக்கவா?" என்று கேட்கும் வசதியை எந்தத் தளமும் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். ஒருமுறை "சரி" என்று அழுத்திவிட்டால், அந்தப் பக்கத்தை மூடிய பிறகும் திரையின் மூலையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். அவை லினக்ஸே தரும் செய்தியைப் போலத் தோற்றமளிப்பதே பெரிய குறை. 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72, இந்த வேண்டுகோளை முகவரிப் பட்டையில் சிறு அடையாளமாகக் குறுக்கியது. அடுத்த மாதம் குரோம் 80 வேண்டுகோள்களை அடக்கிக் காட்டும் வழியைத் தந்தது. நல்ல திருத்தங்கள்தாம், ஆனால் தாமதமாக வந்தவை.

செய்யவேண்டியது யாது? அறிவிப்பில் உள்ள எந்தப் பொத்தானையும், "மூடு" என்பதைக்கூட, அழுத்தலாகாது. அதுவும் அந்தப் பக்கம் வரைந்த படமே. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை நீங்கும். கன்ட்ரோல், டபிள்யூ விசைகளைச் சேர்த்து அழுத்திப் பக்கத்தை மூடலாம். அதுவும் பயன் தராவிட்டால் சிஸ்டம் மானிட்டரில் பிரௌசரையே நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கச் சொல்லக்கூடாது. பிறகு பிரௌசர் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைப் பார்த்து, அறியாத தளங்களை நீக்கவேண்டும். பிரௌசரில் உண்மையான ஓட்டைகளும் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுவதால், புதுப்பித்தலைத் தள்ளிப்போடலாகாது. கட்டளையை ஒட்டியிருந்தாலோ, பிறர் தொலைவிலிருந்து இயக்க இடம் கொடுத்திருந்தாலோ, இணைப்பைத் துண்டித்துவிட்டு வேறொரு கருவியில் பாஸ்வேர்டுகளை மாற்றவேண்டும். பணம் போயிருந்தால் வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும்.

கணிப்பொறிப் பாடத்தில் வைரஸின் இலக்கணத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அதோடு இத்தகைய அறிவிப்பு ஒன்றின் படத்தையும் வகுப்பில் காட்டி, "இதில் எந்தச் செய்தி உண்மையாக அறியப்பட்டது, எது புனையப்பட்டது?" என்று மாணவர்களைப் பிரிக்கச் சொல்லலாம். அந்தப் பயிற்சி பெற்ற மாணவர், வீட்டில் பதறி நிற்கும் பெரியவரின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக் கீழே வைக்கக் கூடும்.